ஒரு கீபோர்டா, இரண்டா, பெடலும் சேர்த்தா? கணினி ஆர்கனுக்குக் கட்டையும் ஸ்டாப்பும் அமைப்பது எப்படி

குழாய் ஆர்கனைக் கணினியில் ஒலிக்கவைக்கும் கிராண்ட்ஆர்க் மென்பொருளை நிறுவி, இலவசமாகக் கிடைத்த ஒரு சாம்பிள் செட்டையும் (ஒரு நிஜ ஆர்கனின் குழாய் ஒலிப் பதிவுகள்) ஏற்றியாயிற்று. திரையில் மூன்று மேனுவல் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை), கீழே காலால் வாசிக்கும் ஒரு பெடல்போர்டு, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஸ்டாப்புகள் (எந்தக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ்கள்). மேசையில் இருப்பதோ 61 கட்டைக் கீபோர்டு ஒன்றுதான். எதை எதோடு இணைப்பது? ஹாப்ட்வெர்க் என்ற இதே மாதிரி மென்பொருளை வாங்கியவர்களுக்கும் இதே கேள்விதான் வருகிறது. சர்ச்சில் பாமாலைப் பாட்டுக்கு வாசிப்பவரும் இதைக் கேட்கிறார், வீட்டில் பாக்கின் ஆர்கன் இசை பழகுபவரும் கேட்கிறார். ஆனால் இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

பெரும்பாலோர் ஸ்டாப்பிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தப் பட்டனுக்கு எந்த ஸ்டாப் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து அமைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்டாப் அமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கட்டையின் எல்லை மாறினால் கையின் பழக்கமும் கூடவே மாற வேண்டும், அது அவ்வளவு சுலபமில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். பெடலுக்குக் கொடுத்தது போக, மேனுவலுக்கு எத்தனை கட்டை மிஞ்சுகிறது? இடது கை, இடது கையின் வேலையைத்தான் செய்கிறதா, அல்லது காலின் வேலையைச் செய்கிறதா? வேறு ஆர்கனை ஏற்றினால் மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டுமா? கடை விலைக்கு மேல் என்ன செலவு வரும்? நாளைக்கு நிஜ ஆர்கன் முன் உட்கார நேர்ந்தால் இந்தப் பழக்கம் உதவுமா, தடையாக நிற்குமா?

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் முக்கியமில்லை. வீட்டோடு வாசிப்பவர் அதை விட்டுவிடலாம்.

## முதலில் எண்கள்

கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி மொழியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண் உண்டு; நடு சி என்பது 60. சாதாரண 61 கட்டைக் கீபோர்டு 36 முதல் 96 வரை அனுப்பும். 88 கட்டை என்றால் 21 முதல் 108 வரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டிய பிரெஞ்சு ஆர்கன்கள் பலவற்றில் மேனுவல் 56 கட்டை, அதாவது 36 முதல் 91 வரை. பெடல் 30, அதாவது 36 முதல் 65 வரை. அமெரிக்க முறையில் பெடல் 32, 67 வரை போகும். பழைய ஜெர்மன் மேனுவல்கள் பல 84இலேயே நின்றுவிடும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. 16 அடி ஸ்டாப் (அடி என்பது குழாயின் நீளக் கணக்கு; 8 அடிதான் வழக்கமான சுருதி) ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் என்பது தெரிந்ததும், சிலர் 8 அடி ஸ்டாப்பை வைத்துக்கொண்டு கீபோர்டை ஒரு ஆக்டேவ் இறக்கிவிட்டு, இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். ஒன்றல்ல. ஸ்டாப்பை மாற்றினால் கட்டையின் எண் அப்படியே இருக்கிறது, குழாய்தான் மாறுகிறது. கீபோர்டை இறக்கினால் எண்ணே 12 குறைகிறது. அடியில் உள்ள 12 கட்டைகள் 24 முதல் 35 வரை அனுப்பும். அந்த எண்களில் ஆர்கனில் குழாயே இல்லை, எனவே சத்தமும் இல்லை. ஆழமான ஒலி வேண்டுமென்றால் ஸ்டாப்பில் தேடுங்கள். ஆக்டேவ் பட்டனைக் கைக்கு இடம் போதாதபோது மட்டும் தொடுங்கள்.

## வழி 1: ஒரே 61 கட்டையை இரண்டாகப் பிரிப்பது

36 முதல் 59 வரை 24 கட்டை பெடலுக்கு, 60 முதல் 96 வரை 37 கட்டை மேனுவலுக்கு. கிராண்ட்ஆர்க்கில் மேனுவல் மேல் வலது கிளிக் செய்தால் மிடி அமைப்புத் திறக்கும். அங்கே கீழ்க் கட்டை, மேல் கட்டை இரண்டையும் எண்ணாகக் கொடுத்தால் போதும். ஹாப்ட்வெர்க்கிலும் இப்படி எல்லை வைக்க வழி உண்டு.

செலவில்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் மேனுவலில் நடு சிக்குக் கீழே ஒன்றுமே இருக்காது, இடது கை முழுக்கக் காலின் வேலையைச் செய்யும். ஒரு மெல்லிசையைப் பெடல் மேல் வாசித்துப் பார்க்க, பெடல் வரியை மட்டும் தனியாகக் கேட்க, ஸ்டாப் சேர்க்கைகளைச் சோதிக்க இது நல்ல ஏற்பாடு. ஒரு முழுப் பாட்டை வாசிக்க அல்ல.

பிரிப்பதை மென்பொருளில்தான் செய்ய வேண்டும். கீபோர்டிலேயே உள்ள ஸ்ப்ளிட் பட்டன் அதன் சொந்தக் குரல்களுக்காக வைத்தது; இடப்பக்கத்தை வேறு மிடி சேனலில் அனுப்புவதா, எப்படி அனுப்புவது என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். கீபோர்டில் ஸ்டைல் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். லோக்கல் கன்ட்ரோலை (கட்டையைக் கீபோர்டின் சொந்த ஒலியோடு இணைக்கும் அமைப்பு) ஆஃப் செய்தால்தான் கீபோர்டின் பியானோ சத்தம் ஆர்கனோடு கலக்காது.

அப்புறம் நம் ஊர்க் கீபோர்டுக்காரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு வம்பு இருக்கிறது: ட்ரான்ஸ்போஸ் பட்டன். பாடுகிறவருக்குச் சுருதி எட்டவில்லை என்றால் கை தானாக அங்கேதான் போகும். பல மாடல்களில் அது மிடி எண்ணையும் சேர்த்தே நகர்த்திவிடும். மூன்று ஏற்றினால் அடிக் கட்டை 36க்குப் பதில் 39 அனுப்பும். ஆர்கனின் மிகக் கீழான மூன்று பெடல் சுரங்கள் கைக்கு எட்டாமல் போகும், பிரிவுக்கோடும் மூன்று கட்டை இடப்பக்கம் நகர்ந்துவிடும். 57ஆம் எண் கட்டையை அழுத்தினால் பெடலுக்குப் பதில் மேனுவல் ஒலிக்கும். சுருதி மாற்ற வேண்டுமானால் கீபோர்டைச் சுழியத்திலேயே விட்டுவிட்டு, மென்பொருளின் ட்ரான்ஸ்போஸில் மாற்றுங்கள். அங்கே மாற்றினால் எல்லைகள் அசையாது.

## வழி 2: பிரிக்காமல் பாஸ் கப்ளர் போடுவது

கப்ளர் என்பது ஓரிடத்தில் வாசிப்பதை இன்னோரிடத்திலும் ஒலிக்கவைக்கும் இணைப்பு. இங்கே 61 கட்டையும் மேனுவலுக்கே. அழுத்தியிருக்கும் கட்டைகளில் மிகக் கீழே உள்ளதை மட்டும் மென்பொருள் தானாகப் பெடலுக்கு அனுப்பும். கிராண்ட்ஆர்க்கின் கப்ளர் பலகத்தில் பாஸ், மெலடி என்று இரண்டும் கிடைக்கின்றன. மெலடி மிக மேலே உள்ள சுரத்தை வேறொரு மேனுவலுக்கு அனுப்பும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே கீபோர்டில் மேல் குரல் ஒரு ஓபோவில், நடுக் குரல்கள் மெல்லிய ஃப்ளூட்டில், அடிக் குரல் 16 அடிப் பெடலில் என்று மூன்று நிறம் வந்துவிடும்.

நான்கு குரல் பாமாலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. அங்கே அடிக் குரல் அநேகமாக எப்போதும் மிகக் கீழே உள்ள சுரம்தான், கப்ளர் ஏமாறுவதற்கு இடம் குறைவு. பெடல் 65இல் முடிவதால், இடது கை எடுத்துவிட்டு வலது கை மட்டும் மேலே வாசிக்கும்போது பெடல் பேசாமல் இருந்துவிடும். நடு சியை ஒட்டி வலது கை இறங்கினால்தான் திடீரென்று பெடல் முளைக்கும். அந்த இடங்களில் இடது கையைத் தூக்காமல் பிடித்திருக்கப் பழகிக்கொண்டால் போதும்.

ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்தி வாசிக்கும் ஃபியூக் மாதிரியானவற்றில் இது நாசம். குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும்போது எது அடியில் இருக்கிறதோ அதையெல்லாம் பெடல் பிடித்துக்கொள்ளும். பாக்கின் ஆறு ட்ரையோ சொனாட்டாக்களை இதில் நினைத்தே பார்க்க முடியாது. அங்கே இரண்டு கையும் காலும் மூன்று தனி வரிகள்.

## வழி 3: 88 கட்டையைப் பிரிப்பது

டிஜிட்டல் பியானோ ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களுக்கு இது. கணக்கு அழகாக உட்காருகிறது: 24 முதல் 47 வரை இரண்டு ஆக்டேவைப் பெடலுக்குக் கொடுத்து 12 ஏற்றுங்கள், அது 36 முதல் 59 ஆகிவிடும். 48 முதல் 108 வரை உள்ளது சரியாக 61 கட்டை. அதை 12 இறக்கினால் 36 முதல் 96. முழு மேனுவல், கூடவே இரண்டு ஆக்டேவ் பெடல். அடியில் மிஞ்சும் மூன்று கட்டைகளை விட்டுவிடலாம்.

எத்தனை நகர்த்தினாலும் 12இன் மடங்காகவே நகர்த்துங்கள். ஒரு கட்டையும் வீணாகக் கூடாது என்று 21ஐ 36 ஆக்கினால், 15 நகர்ந்து, ஏ கட்டையில் சி ஒலிக்கும்.

குறை என்னவென்றால், உடம்பு ஒரு ஆக்டேவ் வலப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். எடை வைத்த பியானோக் கட்டையில் ஆர்கனின் வேகமான திருப்பங்கள் கனமாகத் தோன்றும். ஆர்கனுக்கு அழுத்தத்தின் வேகம் பொருட்டே இல்லை, கட்டை திறந்ததா மூடியதா என்பதுதான் கணக்கு. எனவே இதற்கென்று புதிதாக 88 வாங்காதீர்கள். இருந்தால் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

## வழி 4: இரண்டு 61 கட்டைகள், அடுக்கில்

இங்கேதான் ஆர்கன் என்ற உணர்வு தொடங்குகிறது. கீழே கிரேட் என்ற முதன்மை மேனுவல், மேலே ஸ்வெல் என்ற இன்னொரு மேனுவல். இடது கை ஒரு நிறத்தில், வலது கை இன்னொரு நிறத்தில். பெடலுக்குக் கீழ் மேனுவலிலிருந்து பாஸ் கப்ளர்.

மூன்று மேனுவல் ஆர்கனை இரண்டில் எப்படி வாசிப்பது? பிரான்சின் கான் (Caen) நகரின் சாந்த்-எத்தியென் தேவாலயத்தில் ஆர்கன் கட்டுநர் கவாயே-கோல் 1885இல் கட்டிய ஆர்கனை எடுத்துக்கொள்வோம். கிராண்ட்-ஆர்க் (இங்கே மென்பொருள் அல்ல, முதன்மை மேனுவலின் பிரெஞ்சுப் பெயர்), போசிட்டிஃப், ரெசி என்று மூன்று மேனுவல்கள். அந்தக் காலத்துப் பிரெஞ்சு இசையில் கிராண்ட்-ஆர்க்கோடு மற்ற இரண்டையும் கப்ளரால் சேர்ப்பது வழக்கம். ஆகவே கிராண்ட்-ஆர்க் கீழே, ரெசி மேலே என்று இணைத்துவிட்டு, போசிட்டிஃபைக் கப்ளர் வழியாகக் கீழ்க் கீபோர்டில் பேசவைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். போசிட்டிஃப் மட்டும் தனியாக வேண்டிய இடங்களில் கிராண்ட்-ஆர்க்கின் சொந்த ஸ்டாப்புகளை மூடிவிட்டால் அதே கட்டை போசிட்டிஃப் ஆகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு ஸ்டாண்டில் இல்லை, கீபோர்டின் உடம்பில் இருக்கிறது. ஸ்பீக்கரும் திரையும் வைத்த வழக்கமான கீபோர்டுகளில் கட்டைக்குப் பின்னால் ஒரு அகலமான பலகை வரும். அதன் மேல் இன்னொன்றை அடுக்கினால் இரண்டு மேனுவலுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். ஒரு மேனுவலிலிருந்து கட்டைவிரலை மட்டும் கீழே இறக்கி வாசிப்பது நடக்காது. இரண்டாவது வாங்கும்போது ஸ்பீக்கர் இல்லாத, உடல் ஒடுங்கிய மிடி கன்ட்ரோலராகப் பாருங்கள். டச் சென்சிட்டிவ் கட்டைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இன்னொரு சிக்கல்: கணினிக்கு இரண்டின் பெயரும் ஒன்றே. யூஎஸ்பி துளை மாறினால் மேனுவல்கள் இடம் மாறிவிடலாம். ஒன்றை மிடி சேனல் 1, மற்றதைச் சேனல் 2 என்று கீபோர்டிலேயே வைத்துவிட்டு, மென்பொருளில் சேனலைப் பார்த்து இணைத்தால் இந்தத் தலைவலி போய்விடும்.

## வழி 5: பெடல்போர்டும் சேர்ப்பது

நிஜ ஆர்கனுக்குப் போகப் போகிறவருக்கு வேறு வழியில்லை. மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

மர பெடல்போர்டுக்கு மேல் பெஞ்ச், சரியான உயரத்தில் கீபோர்டுத் தாங்கி, வெளிநாட்டிலிருந்து வந்தால் கப்பல் கட்டணமும் சுங்கவரியும், கடைசியாக வீட்டில் ஒரு முழு மூலை. பழைய எலக்ட்ரானிக் ஆர்கனின் பெடலை வாங்கி, ரீட் ஸ்விட்சும் காந்தமும் வைத்து, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை மூலம் மிடி ஆக்குகிறவர்கள் உண்டு. மேட்ரிக்ஸ் முறையில் (பல ஸ்விட்சுகள் கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) இணைக்கும்போது ஒவ்வொரு ஸ்விட்சுக்கும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு போடுங்கள். இல்லையென்றால் மூன்று பெடல் ஒன்றாக அழுந்தும்போது அழுத்தாத நான்காவதும் பாடும்.

13 கட்டைக் குட்டிப் பெடல் மலிவுதான். ஆனால் பாமாலையின் அடிக் குரல்கூட ஒரு ஆக்டேவைச் சாதாரணமாகத் தாண்டும். நீண்ட சுரத்தைப் பிடித்திருக்க ஆகும், பெடல் கற்க ஆகாது.

எதற்கும் முன் உங்கள் ஸ்பீக்கரைக் கேட்டுப் பாருங்கள். 16 அடி ஸ்டாப்பின் மிகக் கீழான சி சுமார் 32.7 ஹெர்ட்ஸ். மேசை ஸ்பீக்கரில் அது வரவே வராது. கேட்பது மேல் ஹார்மோனிக்குகள் மட்டுமே. நல்ல ஹெட்போனோ சப்-வூஃபரோ இல்லாமல் பெடல்போர்டுக்குப் பணம் போடுவதில் அர்த்தமில்லை.

| வழி | மேனுவலுக்குக் கிடைப்பது | பெடல் எப்படி | தெரியாமல் வரும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| 61 பிரிப்பு | 37 கட்டை | இடது கை, 24 சுரம் | தவறான கைப்பழக்கம் | சோதித்துப் பார்ப்பவர் |
| 61 + பாஸ் கப்ளர் | 61 முழுதும் | தானாக | ஃபியூக்கில் உதவாது | பாமாலை வாசிப்பவர் |
| 88 பிரிப்பு | 61 முழுதும் | இடது கை, 24 சுரம் | ஒரு ஆக்டேவ் நகர்ந்து உட்காருவது | பியானோ வைத்திருப்பவர் |
| இரண்டு 61 | 61 + 61 | தானாக | மேனுவல் இடைவெளி, ஸ்டாண்ட் | பல நிறம் தேடுபவர் |
| இரண்டு 61 + பெடல்போர்டு | 61 + 61 | காலால், 30 அல்லது 32 | பெஞ்ச், ஸ்பீக்கர், இடம் | ஆர்கன் கற்பவர் |

எந்த வழியானாலும், கிராண்ட்ஆர்க்கின் பொது அமைப்பில் ஆரம்ப மிடி அமைப்பு என்ற பகுதியில் பெடலையும் மேனுவல்களையும் ஒருமுறை பதிந்துவிடுங்கள். அடுத்து ஏற்றும் புது ஆர்கன் அதையே எடுத்துக்கொள்ளும்.

## ஸ்டாப்பை எதில் வைப்பது

மவுஸ் போதும் என்பவர்கள் பாட்டின் நடுவில் ஸ்டாப் மாற்றாதவர்கள். அது ஒன்றும் குறையில்லை. பழைய இசையில் நிறைய துண்டுகள் ஒரே சேர்க்கையில் தொடங்கி அதிலேயே முடிகின்றன.

நடுவில் மாற்ற வேண்டுமானால், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு பட்டன் தேடாதீர்கள். ஸ்டாப் சேர்க்கைகளை மென்பொருளின் நினைவில் பதித்து, அவற்றுக்குப் பட்டன் வையுங்கள். உங்கள் கீபோர்டிலேயே அதற்கு வழி இருக்கிறது: குரல் தேர்வுப் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான கீபோர்டுகள் புரோகிராம் சேஞ்ச் என்ற மிடிச் செய்தி அனுப்பும். பதிந்த சேர்க்கையை அதோடு இணைத்துவிட்டால், கீபோர்டில் "ஸ்ட்ரிங்ஸ்" என்று எழுதிய பட்டன் ஆர்கனின் இரண்டாவது சேர்க்கையாக மாறிவிடும். லோக்கல் ஆஃபில் இருப்பதால் ஸ்ட்ரிங்ஸ் ஒலிக்காது. இரண்டு குரல்கள் ஒரே புரோகிராம் எண்ணை வேறு பேங்கில் (குரல் தொகுப்பில்) பகிர்ந்துகொள்வது உண்டு. வேறு வேறு எண் வரும் பட்டன்களாகப் பாருங்கள். இதில் தனி ஸ்டாப்பை இணைத்தால் சுகமில்லை, ஏனெனில் அந்தச் செய்தியில் ஆன், ஆஃப் என்ற வித்தியாசம் கிடையாது.

சஸ்டெய்ன் பெடலும் சும்மாதான் இருக்கிறது. அதைச் சேர்க்கை வரிசையின் "அடுத்தது" பட்டனுக்குக் கொடுத்துவிட்டால், கை கட்டையை விட்டு நகராமல் ஸ்டாப்புகள் மாறும். பெரும்பாலானவர்களுக்கு இது ஒன்றே போதும்.

விளக்கெரியும் பேட் கன்ட்ரோலர் வாங்கினால் எந்த ஸ்டாப் திறந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். அதற்கு மென்பொருளிலிருந்து திரும்ப அனுப்பும் செய்தியையும் ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும். ஆர்கன் மாறினால் மறுபடி அதே வேலை. ஒரே ஆர்கனில் நிலைத்து வாசிப்பவருக்குச் சரி. பல ஆர்கன்களை மாற்றிப் பார்க்கிறவருக்குத் தொடுதிரை மேல். படத்தில் இருப்பதைத் தொட்டால் ஆயிற்று.

## அசல் எல்லையா, நீட்டிய எல்லையா

சில சாம்பிள் செட்டுகள் இரண்டையும் தருகின்றன. அசல் எல்லையில், 56 கட்டை ஆர்கனை 61இல் வாசித்தால் மேலே ஐந்து கட்டை ஊமை. நீட்டிய எல்லையில், இல்லாத குழாய்க்குப் பக்கத்துக் குழாயின் ஒலியைச் சுருதி மாற்றி நிரப்பியிருப்பார்கள். மேல் சுரங்களில் காது அதைப் பிடிப்பது கடினம். அடி ஆக்டேவில், பழைய ஆர்கன்களில் இல்லாத சி ஷார்ப் போன்றவற்றில், சில நேரம் பிடித்துவிடும்.

நான் பெடலுக்கு நீட்டியதையும் மேனுவலுக்கு அசலையும் விரும்புவேன். பாக்கின் எஃப் மேஜர் டொக்காட்டாவில் பெடல் 65 வரை ஏறுகிறது. அவர் காலத்து ஜெர்மன் பெடல்கள் பல 60இலோ 62இலோ முடிந்தவை. அசலில் வாசித்தால் அந்தத் தனிப் பெடல் பகுதியில் உச்சிச் சுரங்கள் விழுந்துவிடும். மேனுவலில் அப்படித் தேவை வருவது குறைவு. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நீட்டியதை எடுங்கள்.

ரேமும் இதில் வருகிறது. தேவாலயத்தின் எதிரொலியோடு பதிவான பெரிய செட்டுகள் 32 ஜிபியைச் சாதாரணமாகக் கேட்கும். இல்லையென்றால் சாம்பிளை 16 பிட்டாக ஏற்றலாம், மோனோ ஆக்கலாம், தொடாத ஸ்டாப்புகளை ஏற்றாமலே விடலாம். ஆர்கன்டெக் போல ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் மென்பொருளுக்கு இந்த நினைவகச் சுமை இல்லை. பதிலுக்கு, ஒரு குறிப்பிட்ட தேவாலயத்தின் ஒலி அதில் கிடைக்காது.

## ஒரு கீபோர்டு மட்டும்தான் என்றால்

மூன்று மேனுவலைச் சுருக்கிப் பிடிப்பதைவிட, ஒரு மேனுவல் ஆர்கனை ஏற்றுவது மேல் என்பேன். குறிப்பாக ஸ்பெயின், போர்ச்சுகல் ஆர்கன்கள். அங்கே ஒரே மேனுவலில் ஸ்டாப்புகள் பாதி பாதியாகப் பிரிந்திருக்கும். நடு சி வரை ஒரு ஸ்டாப், சி ஷார்ப்பிலிருந்து இன்னொன்று. அதாவது மிடியில் 60 வரை இடம், 61லிருந்து வலம். வலப்பாதியில் கார்னெட் என்ற தனிக்குரல் ஸ்டாப்பை மட்டும் திறந்து, இடப்பாதியில் மெல்லிய 8 அடி ஸ்டாப் ஒன்றை வைத்தால், எதையும் பிரித்து அமைக்காமலே தனிக் குரலும் துணையும் தனித்தனியாகக் கேட்கும். இதற்கென்றே எழுதிய இசையும் இருக்கிறது. இந்த ஆர்கன்களில் பெடல் பெயரளவுக்குத்தான் இருக்கும், பலவற்றில் இருக்காது. பெடல் இல்லையே என்ற கவலையும் அதோடு தீர்ந்தது.

அடி ஆக்டேவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பலவற்றில் அது குறுகிய ஆக்டேவ்: ஈ கட்டையில் சி, எஃப் ஷார்ப்பில் டி, ஜி ஷார்ப்பில் ஈ. கிராண்ட்ஆர்க்கில் மேனுவலின் மிடி நிகழ்வு வகையைக் குறுகிய ஆக்டேவ் என்று மாற்றினால் உங்கள் கீபோர்டும் அப்படியே நடந்துகொள்ளும். மாற்றாவிட்டால் சுரங்கள் வழக்கமான இடத்திலேயே இருக்கும், அடியில் நான்கு கருப்புக் கட்டை மட்டும் பேசாது. இடது கை அடியில் பத்தாவது சுரம் வரை விரிய வேண்டிய துண்டு என்றால் முதல் அமைப்பு. மற்றபடி இரண்டாவதே போதும்.